நடுக்கம் வாங்கிக்கொண்ட லைன் வீடு

கோகிலவாணியின் வலது கை நடுக்கம் முதல்முறையாக அவளை விட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனபோது, அந்த வீட்டுச் சரசாத்தாள் கண்ணாடி முன்னால் நின்று வகிடு எடுத்துக்கொண்டிருந்தாள். ஆடிக்காற்று தகரங்களைத் தட்டிக்கொண்டிருந்த காலை அது. நெற்றியிலிருந்து உச்சிக்கு நேராக ஏறிக்கொண்டிருந்த சீப்பு பாதி வழியில் துள்ளி, இடப்பக்கம் சரிந்து, மறுபடி துள்ளி, ஓடை போல வளைந்து வளைந்து போய்ப் பின்னந்தலையில் நின்றது. சரசாத்தாள் சீப்பை வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். மோதிர விரல் முதலில் துடிக்க, மணிக்கட்டு ஒரு வெட்டு வெட்ட, கை முழுக்க இடப்பக்கமாக ஆடுவதைப் பார்த்தாள். இந்த ஆட்டத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் அது நின்றுவிட்டது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டு அந்தக் கோணல் வகிட்டோடேயே மாவு மில்லுக்குக் கிளம்பினாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் கோகிலவாணி அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் வந்த அழுகை.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கும் எத்தனையோ லைன் வீடுகளில் அதுவும் ஒன்று. எதிரும் புதிருமாக ஓட்டு வீடுகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவான நீளமான வாசல், வாசலின் கோடியில் தண்ணீர்த் தொட்டி, தொட்டியைத் தாண்டிச் சென்னியப்பன் துணி வெட்டிக் கொடுக்கும் ஷெட். கோகிலவாணி அங்கே தனியாக இருந்தாள். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றுக்குக் குழந்தைத் துணிகளில் அச்சடிக்கிற படங்களை வரைவது அவள் வேலை. அவள் வரைந்த வாத்துகளும் முயல்களும் கப்பலேறிப் போய், பெயர் வாயில் நுழையாத ஊர்களில், பனியில், யார் யாரோ பெற்ற குழந்தைகளின் நெஞ்சில் தூங்கின. அதை நினைத்தால் அவளுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு வேண்டியிருக்காது. அப்படி இருந்தவளுக்குப் போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது; வந்த காய்ச்சல் போகும்போது வலது கையில் இந்த நடுக்கத்தை விட்டுவிட்டுப் போனது. மருத்துவர் நரம்பைத் தட்டிப் பார்த்தார், மாத்திரை கொடுத்தார், குறையலாம், குறையாமலும் போகலாம், பழகிக்கொள்ளுங்கள் என்றார்.

கம்பெனியில் அவளை விட்டுவிடவில்லை. அங்கே ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தனசேகர், வீட்டிலிருந்தே வரைங்கக்கா என்று சொல்லி, கம்ப்யூட்டரையும் அதோடு சேர்ந்த கறுப்பு வரைபலகையையும் பேனாவையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவைத்தான். ஆனால் வந்த ஆர்டர் அப்படிப்பட்டது. பிறந்த குழந்தைகளுக்கான சட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மிருகம். ஒவ்வொரு மிருகமும் ஒரே கோடு. வாலில் ஆரம்பித்தால் பேனாவை எடுக்காமல் முதுகேறி, தலை சுற்றி, தும்பிக்கை இறங்கி, கால் கால் என மிதித்து மறுபடி வாலில் வந்து நிற்க வேண்டும். இது ஆகாவிட்டால் வேலை பெங்களூரில் வேறு யாருக்கோ போய்விடும், அவள் செக்கிங் பிரிவில் உட்கார்ந்து, தைத்த துணிகளில் நூல் பிசிறு வெட்ட வேண்டியிருக்கும். பிசிறு வெட்டுவதில் கேவலமில்லை. ஆனால் அதற்கப்புறம் தன்னைத் தானே என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பலகையில் பேனாவை வைத்தாள், இழுத்தாள். திரையில் வந்த கோடு மழையில் நனைந்த எறும்பு சுவரில் ஏறியதைப் போல இருந்தது. அழித்தாள், இழுத்தாள், அழித்தாள். யானை வரவே இல்லை.

அப்போதுதான் அவள் படம் வரைகிற அந்தச் செயலியில் இதுவரை தொடாத ஒரு வசதியைத் தொட்டாள். ஸ்டெபிலைசர் என்பது அதன் பெயர். அதை ஏற்றி வைத்தால் கோடு பேனாவோடு உடனே ஓடாது. கயிறு கட்டி இழுத்த கன்றுக்குட்டி போலக் கொஞ்சம் பின்னால் வரும். வருகிற வழியில் நடுக்கமெல்லாம் உதிர்ந்துவிடும். கடைசி வரை ஏற்றி வைத்து வாலிலிருந்து இழுத்தாள். எண்ணெய் வழிந்ததைப் போல வழிந்தது கோடு. காய்ச்சலுக்குப் பிறகு அவள் கையிலிருந்து வந்த முதல் நல்ல கோடு அதுதான். உதிர்ந்த நடுக்கம் எங்கே போகும் என்று அவள் யோசிக்கவில்லை. அந்தச் செயலியைச் செய்தவர்களும் யோசித்திருக்க மாட்டார்கள்.

அது சரசாத்தாளிடம் போனது, மறுநாள் எதிர்வீட்டுப் பானுவிடம் போனது, அதற்கு மறுநாள், ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது, ஷெட்டில் துணி அடுக்குக்கு நடுவே கட்டிங் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த சென்னியப்பனின் வலது கைக்குப் போனது. பலகை போலக் கனத்த துணி அடுக்கைக் கத்தி கோணலாகக் கிழித்துக்கொண்டு போய், இடது ஆட்காட்டி விரலின் நுனியையும் தொட்டுவிட்டது. சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினார்கள். கோகிலவாணியும் ஓடினாள், பேனாவைக் கையில் பிடித்தபடியே. ரத்தம் சொட்டும் விரலைப் பிடித்துக்கொண்டு சென்னியப்பன் நின்றார்; எல்லாரும் விரலைப் பார்க்க, சரசாத்தாள் மட்டும் கோகிலவாணியின் கையைப் பார்த்தாள்.

"கோகிலா, இத்தன நேரம் என்ன பண்ணீட்டு இருந்த?"

"வரஞ்சுட்டு இருந்தங்க்கா."

"ஓ," என்றாள் சரசாத்தாள். "அப்ப அது உன்னுதுதான். எங்கியோ பாத்தாப்பல இருக்குதேன்னு நெனச்சேன்."

அதற்கு மேல் யாரும் அதிசயப்பட நேரமில்லை. விரலுக்குத் தையல் போடக் கூட்டிப்போக ஆள் வேண்டியிருந்தது.

கோகிலவாணி வீட்டுக்குள் போய்க் கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். பலகையைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல் ஏற்றினாள். செக்கிங் பிரிவுக்கே வந்துவிடுகிறேன் என்று தனசேகரிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, சாயங்காலம், விரலில் வெள்ளைக் கட்டோடு சென்னியப்பன் வாசற்படியில் வந்து நின்றார். அதிகம் பேசாத மனிதர். நின்றபடியே தொண்டையைச் செருமினார்.

"மன்னிச்சுக்குங்கண்ணா," என்றாள் அவள். "இனி வரைய மாட்டேன்."

"வரைய வேண்டாம்னு சொல்ல வரலீங் அம்மிணி." படியில் உட்கார்ந்தார். "அந்தக் கொஞ்ச நேரம் எங்கிட்ட இருந்துதில்ல, உசுரே போயிருச்சு. மெசினை நிறுத்தறதுக்குச் சுச்சைத் தேடறேன், கை சுச்சுக்குப் போக மாட்டீங்குது. என் கைதான், எம்பேச்சைக் கேக்க மாட்டீங்குது." கட்டுப் போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீ இதை வெச்சுட்டே தண்ணி தூக்கறே, சோறாக்கறே, எதுக்க வந்தா சிரிக்கறே. ஒரே வாசல்ல இருக்கறோம். எப்படியிருக்குதுன்னு நாங்க ஒருத்தரும் கேக்கலியே அம்மிணி."

காய்ச்சலில்கூட அழாத கோகிலவாணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சென்னியப்பன் அவள் அழுது முடிக்கும்வரை வாசலில் போகிற வருகிறவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து சரசாத்தாளைக் கூப்பிட்டார்.

தண்ணீர்த் தொட்டியடியில் கூடிப் பேசினார்கள். நடுக்கம் ஏன் இப்படி வீடு மாறுகிறது என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் ஏன் பள்ளத்துக்குப் போகிறது என்று கேட்கிறோமா என்ன. கட்டிங் மெஷினுக்குப் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் பேச்சு.

"எங்கிட்ட வரச் சொல்லு," என்றாள் சரசாத்தாள்.

"சொன்னா வருமாங்க்கா?"

"சொல்லித்தான் பாக்கோணும்."

கோகிலவாணி மறுபடி ஒயரைச் சொருகிப் பலகையை எடுத்துவைத்தாள். சரசாத்தாள் அவள் ஜன்னல் கட்டையில் வலது கையை மல்லாத்தி வைத்து, விருந்தாளியைக் கூப்பிடுகிற குரலில், "வா சாமி, எங்கிட்ட வா," என்றாள். உள்ளே பேனா பலகையைத் தொட்டது. வெளியே மோதிர விரல் துடித்தது. அது வேறு எங்கும் போகவில்லை.

அன்றிலிருந்து அது முறை வைத்துக்கொள்ளும் காரியமாகிவிட்டது. தொட்டியில் தண்ணீர் பிடிக்க முறை இருப்பது போல, வாசல் கூட்ட முறை இருப்பது போல, நடுக்கத்துக்கும் முறை வந்தது. விடிந்ததும் யாராவது ஒருவர் ஜன்னல் கட்டையில் கை வைத்துக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பால்காரர் ஊற்றும்போது பாத்திரம் ஆடினால், யார் வீடானாலும், கோகிலா வரையுதுங் என்று சொல்வார்கள், அவரும் சரிங்க என்று கேனைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்து ஊற்றுவார். சென்னியப்பனுக்கு மட்டும் விடுமுறை நாளில்தான் தருவது என்று முடிவு செய்திருந்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு, சட்டைப் பொத்தானைத் தானே போட்டே தீருவேன் என்று வெகுநேரம் போராடுவார். வந்ததை வீணாக்கக் கூடாது என்ற எண்ணமும் சீக்கிரமே வந்தது. சரசாத்தாள் தன் முறை வரும் நாளில் ராகி மாவு சலிக்க உட்கார்ந்தாள். சல்லடையைப் பிடித்தால் போதும், கை தானே ஆட்டிக்கொள்ளும், முகத்தில் மாவுப் புகையோடு அவள் வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசலாம். பானு அந்தக் கையைத் தன் கைக்குழந்தையின் முதுகில் வைத்தாள். எத்தனை தட்டியும் தூங்காத குழந்தை அந்த ஆட்டத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனது.

ஒடிசாவிலிருந்து வந்து கடைசி வீட்டில் குடியிருந்த பிரபுல்லாவும் தன் பங்கைக் கேட்டு வந்தார். நாற்பதைத் தாண்டியவர், சாயப்பட்டறையில் வேலை, தமிழ் பாதிதான் வரும். அவர் முறை வந்த ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருக்கும் மனைவியோடு போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். போன் ஆடுவதைப் பார்த்து அந்த அம்மாள் பயந்துவிட்டாள். குளிர்ஜுரமா, அழுகிறாயா, எதை மறைக்கிறாய் என்று அவள் தன் மொழியில் கேட்கக் கேட்க, பிரபுல்லா சிரித்துக்கொண்டே கோகிலவாணியின் ஜன்னலுக்கு வந்து போனை உள்ளே காட்டினார். "அக்கா யானை வரையுது. அக்கா கை என்கிட்ட இருக்கு," என்று கோகிலவாணிக்குத் தமிழிலும், மனைவிக்கு ஒடியாவிலும் சொன்னார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் யானையைப் பார்த்தாள். பிறகு ஏதோ சொன்னாள். என்ன சொல்றாங்க என்று கேட்டாள் கோகிலவாணி. "நல்லா பிடிச்சுக்கோ, கீழே போடாதே, சொல்றா," என்றார் பிரபுல்லா.

இப்படி எல்லாருடைய கையையும் ஆட்டிவிட்டு வரைந்து முடித்த மிருகங்களைக் கோகிலவாணி அனுப்பிவைத்தாள். சில நாள் கழித்துத் தனசேகர் போன் செய்தான். சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஆர்டர் குடுத்தவங்களுக்குக் கோடு ரொம்பச் சுத்தமா இருக்குதாம். ஆனா கம்பியை வளைச்சு வெச்சாப்பல இருக்குதுங்கறாங்க. கை தெரியலையாம். இதை மெஷினே போட்டுருமேங்கறாங்க. இன்னொரு தடவை பாக்கறீங்களா?"

பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். அவள் திரையில் யானையைத் திறந்து பார்த்தபோது அவளுக்கே தெரிந்தது. முதுகும் தும்பிக்கையும் நகமும் எல்லாம் ஒரே கனம். மடங்க வேண்டிய முழங்கால்கூடக் குழைந்து உருண்டிருந்தது. நடுக்கத்தோடு சேர்ந்து அவளும் அந்தக் கோட்டைவிட்டு உதிர்ந்துவிட்டிருந்தாள். அதைவிடவும், இதை வாசலில் போய் எப்படிச் சொல்வது என்பதுதான் அவளை அரித்தது. அன்று நடுக்கம் பானுவிடம் இருந்தது. ஒரு டம்ளரும் உடைந்திருந்தது.

ஆனாலும் சாயங்காலம் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் போய்ச் சொல்லிவிட்டாள். குடங்கள் நிரம்பி வழிந்தன. யாரும் குழாயை மூடவில்லை.

"அந்தக் கம்பியாட்டம் இருக்கறதைக் காட்டு," என்றாள் சரசாத்தாள்.

திரைக்கு முன்னால் நெருக்கியடித்து நின்று பார்த்தார்கள். பொய் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. "யானைன்னு தெரியுது," என்றார் சென்னியப்பன். "ஆனா எந்திரிச்சு வராது."

"ஒண்ணு சொல்றேன் கோகிலா," என்றாள் சரசாத்தாள். "இது எல்லா நேரமும் ஒண்ணாட்டம் வர்றதில்ல. நீ பயந்து பயந்து மெல்ல இழுப்பே பாரு, அப்பத்தான் சல்லடை கையை விட்டுத் தெறிக்குது. ஒரொருக்கா சர்ருன்னு ஒரு இழுப்பு இழுப்பே, அப்ப ஒண்ணும் வராது, மாவு அப்படியே நிக்கும்."

"ஆமாக்கா," என்றாள் இடுப்பில் குழந்தையோடு நின்ற பானு. "சின்னச் சின்னதா வளைக்கிறப்பதான் ஜாஸ்தி. பெருசா சுத்துறப்ப ஆட்டம் நின்னு போய் இவன் முழிச்சுக்கிறான்."

பிரபுல்லா தன் மார்பில் கையை வைத்துக் காட்டினார். "அக்கா மூச்சு பிடிக்குது. ஜன்னல்ல நான் பார்த்தேன். மூச்சு பிடிக்கும்போது வருது."

கோகிலவாணி அவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் தன் நடுக்கத்தை அவர்கள் தலையில் கட்டியிருப்பதாக நினைத்துக் குன்றிப்போயிருந்தாள். அவர்களோ அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, அது எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று கவனித்தும் இருந்தார்கள். அவளுடைய கையை அவளைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுநாளிலிருந்து கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வரைந்தாள். முறைக்காரர் வாசலில் உட்கார்ந்துகொள்வார், அவள் ஒரு கோடு இழுப்பாள், வெளியிலிருந்து குரல் வரும்: வந்துச்சு. இன்னொன்று இழுப்பாள்: வந்துச்சு, ஆனா கம்மி. இன்னொன்று: இப்ப வரலை, இப்ப எப்படி இழுத்தியோ அப்படியே இழு. மணிக்கட்டைப் பலகையில் ஊன்றி வரைந்தால் அதிகம் வந்தது, எனவே மணிக்கட்டைத் தூக்கினாள். முழங்கையிலிருந்து வரைந்தால் குறைந்தது. எழுந்து நின்று, பலகையைத் தாழ்வாக வைத்து, தோளிலிருந்து கை முழுவதையும் வீசி வரைந்தால் இன்னும் குறைந்தது. கண்ணாடி போல வழுக்கும் பலகையின் மேல் வெள்ளைத்தாள் ஒன்றை ஒட்டினாள், பேனாவுக்குப் பிடிமானம் கிடைத்தது. பேனாவைப் பலகையில் வைக்காமல் காற்றிலேயே யானையை வரைந்து வரைந்து பார்த்து, வழி தோளுக்குப் பாடமானதும், மூச்சை விட்டுக்கொண்டே பேனாவை இறக்கி, கண்ணைப் பேனா முனையில் வைக்காமல் கோடு போய்ச் சேர வேண்டிய இடத்தில் வைத்து, ஒரே வீச்சில் இழுத்தாள். கை கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள ஸ்டெபிலைசரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினாள். வாசலில் ஆட்டம் குறைந்துகொண்டே வந்தது. சரசாத்தாள் சல்லடையைத் தானே ஆட்டி மாவு சலிக்க வேண்டிவந்ததில் கொஞ்சம் முனகினாள்.

அப்படி ஒருநாள் முற்பகலில், நடுக்கம் சென்னியப்பனிடம் இருந்த ஞாயிற்றுக்கிழமை, யானை வந்தது. வாலில் மெல்லியதாகப் பிறந்து, முதுகில் கனத்து, தலையைச் சுற்றிக் காதில் ஒரு மடிப்பு மடிந்து, தும்பிக்கையில் தயங்காமல் இறங்கி, முழங்காலில் தோல் சுருங்குகிற இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு நடுக்கம் நடுங்கி, அந்த நடுக்கத்தாலேயே அது முழங்கால் என்று தெரிந்து, வாலுக்குத் திரும்பி வந்து சேர்ந்தது. அந்த நடுக்கத்தை அவள் அழிக்கவில்லை.

"அண்ணா, வந்துச்சுங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"கடைசீல துளியூண்டு, சிலுத்தாப்பல," என்றார் சென்னியப்பன். "மத்தபடி வரலீங் அம்மிணி. பாதியை நீயே வெச்சுக்கிட்டியாட்டம் இருக்குது."

மற்ற மிருகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தனசேகர் இந்தமுறை போன் எடுத்ததும் நேராகச் சொன்னான்: இதைத்தான்க்கா கேட்டாங்க. அதற்கு மேலும் ஏதோ சொன்னான், அடுத்த ஆர்டர், அதற்கடுத்த ஆர்டர் என்று. அவள் காதில் அது விழவில்லை. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை நடுக்கம் போகவில்லை. மருத்துவர் மறுபடி நரம்பைத் தட்டிப் பார்த்து, அப்படியேதான் இருக்கிறது என்றார். அவளுக்கும் அது பெரிய வருத்தமாக இல்லை.

மழை விட்டு வெயிலடித்த ஒரு நாளில் கம்பெனியிலிருந்து சாம்பிள் சட்டை ஒன்று வந்தது, உள்ளங்கையை விடக் கொஞ்சமே பெரியது. கோகிலவாணி அதைக் கொண்டுபோய்ப் பானுவின் குழந்தைக்கே போட்டுவிட்டாள். பாய் போட்டு அவனைப் படுக்கவைத்து லைன் வீட்டுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அவன் மூச்சு விட்டபோது யானையும் மூச்சு விட்டது.

"இந்தக் காது என் முறையில பழகுனது," என்றாள் சரசாத்தாள். "எனக்குத் தெரியும். ஆசை தீர வரஞ்சு வரஞ்சு பாத்தியே, அன்னிக்கு."

"முழங்கால் என்னுது," என்றார் சென்னியப்பன்.

பிரபுல்லா எதையும் தன்னுடையது என்று சொல்லவில்லை. வாலில் விரலை வைத்து, குழந்தைக்குக் கூச்சமெடுக்காதபடி மெல்ல, கோட்டின் மேலேயே முதுகேறி, தலை சுற்றி, தும்பிக்கை இறங்கி, விரலை எடுக்காமல் வாலுக்குத் திரும்பி வந்தார். பிறகு போனை எடுத்து அதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினார்.

கோகிலவாணி எழுந்து உள்ளே போனாள். எல்லாருக்கும் டீ போட்டு, காய்ச்சலுக்கு முன்னால் செய்ததைப் போலத் தட்டில் டம்ளர்களை அடுக்கித் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். தட்டு கலகலவென்று ஆடியது, டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, டீ விளிம்பு தாண்டித் தட்டில் வழிந்தது. ஒருவரும் எழுந்து வந்து அதை அவள் கையிலிருந்து வாங்கவில்லை. பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தாமல், அவள் நீட்ட நீட்ட எடுத்துக்கொண்டார்கள். பாதி டம்ளர் டீதான் இருந்தது. அதை ஊதி ஊதி, நேரமெடுத்துக் குடித்தார்கள்.